பட்டறை மின்விசிறி வயரிங்

பட்டறை மின்விசிறி வயரிங் என்பது ஒரே கூரைக்குக் கீழே தொங்கும் பல சீலிங் ஃபேன்களைச் சுவரிலுள்ள சுவிட்சுகளோடு இணைக்கும் முறை. வீட்டில் அறைக்கு ஒன்று போதும். லேத் பட்டறையிலோ பைக் பழுதுபார்க்கும் கடையிலோ நான்கைந்து தேவைப்படும். ஆனால் ஆள் நிற்கும் இடத்துக்கு மேலே இருப்பது மட்டும் ஓடினால் போதும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், தனி ரெகுலேட்டர் வைப்பது வழக்கம்.

தங்கவயலும் மின்சாரமும்

பட்டறைக்குள் மின்சாரம் நுழைந்த கதை கோலார் தங்கவயலில் சீக்கிரமே தொடங்கியது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902 ஜூன் மாதம் ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். திட்டத்துக்கு வழிசெய்த மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர் 1901இலேயே காலமாகிவிட்டதால், தங்கவயலுக்கு அந்த மின்சாரம் வந்ததைப் பார்க்கவில்லை. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஊரிலுள்ள பெமல் கனரக இயந்திர ஆலை தொடர்கிறது.

சிவசமுத்திரத்து ஜெனரேட்டர்கள் தந்தது 25 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) மின்சாரம். இன்று கோலார் மாவட்டத்துக்கு மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் தருவது, நாடு முழுவதும் உள்ளதைப் போல, 50 சைக்கிள். ஃபேன் மோட்டாரின் வேகம் இந்த எண்ணைப் பொறுத்தது. இன்றைய சாதாரண ஃபேனை அதே 230 வோல்ட்டில் 25 சைக்கிளில் ஓட்டினால் வேகம் பாதிக்கு இறங்கும். காயில் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடேறும்.

இணைப்பு முறை

நான்கு ஃபேன் உள்ள பட்டறையை எடுத்துக்கொள்வோம். லோடு மீறினால் தானே துண்டிக்கும் எம்.சி.பி.யிலிருந்து ஒரு ஃபேஸ் வயர் சுவிட்ச் போர்டுக்கு வருகிறது. போர்டுக்குள் சிறு துண்டு வயர்களால் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு லூப் போட்டு, நான்குக்கும் ஃபேஸ் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு சுவிட்சின் மறுமுனையும் அதற்குரிய ரெகுலேட்டருக்குப் போகிறது. ரெகுலேட்டரிலிருந்து தனித்தனி வயர் பைப் வழியாக ஃபேனுக்கு ஏறுகிறது. நியூட்ரலும் எர்த்தும் எல்லா ஃபேன்களுக்கும் பொது: ஜங்ஷன் பாக்ஸ்களில் லூப் போட்டுக்கொள்ளலாம்.

சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டாலும் ஃபேன் நிற்கும். ஆனால் காயிலில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். கண்டென்சர் மாற்ற ஏணியில் ஏறுபவருக்கு ஷாக் அடிக்கும்.

ரெகுலேட்டர் செலவை மிச்சம்பிடிக்க ஒன்றில் இரண்டு ஃபேன்களை மாட்டுவது உண்டு. 100 வாட்டுக்குச் செய்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் 75 வாட் ஃபேன் ஒன்றைத்தான் தாங்கும். இரண்டு மாட்டினால் 150 வாட், சில நாளில் கருகும். 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இந்த ரெகுலேட்டரே கூடாது. அதன் வேகத்தை ரிமோட்டில் மாற்றுகிறார்கள். சுவரில் வெறும் சுவிட்ச் போதும்.

லோடு

75 வாட் ஃபேன்கள் நான்கும் சேர்ந்து 300 வாட், அதாவது சுமார் 1.3 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரும் தாராளம். ஒரு லைட்-ஃபேன் சர்க்யூட்டில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறை வரம்பு. வெல்டிங் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் தனி சர்க்யூட் வேண்டும்.

பட்டறைகளில் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் இணைப்பு இருக்கும். லோடைப் பிரிப்பதாக நினைத்து ஒரே போர்டுக்குள் இரண்டு ஃபேஸைக் கொண்டுவருவது ஆபத்து: அவற்றுக்கிடையே சுமார் 400 வோல்ட் இருக்கும். மின்கசிவில் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்திருந்தால், ஃபேனின் நியூட்ரலும் அதே ஆர்.சி.சி.பி. வழியாகவே வர வேண்டும். பக்கத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரல் எடுத்தால், சுவிட்ச் போட்டதும் ட்ரிப் ஆகும்.

தொங்கவிடுதல்

ஷீட் கூரையில் ஃபேனை இரும்புச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். ஷீட் எடை தாங்காது. கொக்கி கழன்றாலும் ஃபேன் கீழே விழாதபடி தனியாக ஒரு ஸ்டீல் கயிறு கட்டுவது நல்லது. இறக்கை தரையிலிருந்து 2.4 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. நீளக் கம்பி, பைப் தூக்கும் இடமானால் இன்னும் உயரம் வேண்டும்.

சோதனை

இந்த வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் ஆட்களிடமே கொடுக்க வேண்டும். முடித்ததும் ஒவ்வொரு சுவிட்சையும் அணைத்துவிட்டு, அந்த ஃபேனின் இரண்டு முனைகளிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் விழுந்திருக்கிறது என்று பொருள். எம்.சி.பி.யை இறக்கி அதை மாற்றிய பிறகே பட்டறையைத் திறக்க வேண்டும்.