மஞ்சள் நிறப் புத்தகம்: வானூர்திப் பணிக்கு முன் ஓர் ஊசி



நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்து வெளியேறிய பிள்ளைகள் சிலர் வானூர்திப் பணிகளில் சேர்ந்து வருவது மகிழ்ச்சி தரும் செய்தியாகும். பணி நியமனக் கடிதத்தோடு போட்டுக்கொள்ள வேண்டிய தடுப்பூசிகளின் பட்டியலும் அவர்களுக்குத் தரப்படுகிறது. அதைப் பார்க்கும் பெற்றோர் சிலர் நியாயமான ஒரு வினாவை எழுப்புகின்றனர். "குடற்காய்ச்சல் ஊசி புரிகிறது, கல்லீரல் அழற்சி ஊசியும் புரிகிறது. நம் நாட்டில் யாருக்கும் வந்தறியாத மஞ்சள் காய்ச்சலுக்கு எதற்கு ஊசி?" என்பதே அவ்வினா.

விமான நிறுவனம் கேட்கிறது, அதனால் போடவேண்டும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆயினும் இந்த ஊசிக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. கப்பலேறி வந்த நம் முன்னோரையும் அது தொட்டுச் செல்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. காமாலை என்பது கல்லீரல் பழுதுபடும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகும் ஓர் அறிகுறி. மஞ்சள் காய்ச்சலோ ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் கொசுக்களால் பரவும் ஒரு நச்சுயிரி நோய். அது முற்றும்போது கல்லீரல் பாதிக்கப்பட்டு உடல் மஞ்சளாவதால் இப்பெயர் வந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, "எனக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டதே, ஊசி எதற்கு?" என்று கேட்பவர்களும் உளர்.

பயணிகளை நோய்க்காக நிறுத்திவைக்கும் வழக்கம் மிகப் பழையது. 1377இல் ஏட்ரியாட்டிக் கடற்கரையின் ரகூசா நகரம் (இன்றைய துப்ரோவ்னிக்), கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் ஒதுங்கியிருந்த பின்னரே நகருக்குள் நுழையலாம் என்று விதித்தது. பின்னர் வெனிசு நகரத்தார் அதனை நாற்பது நாளாக்கினர். நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்னும் சொல் பிறந்தது.

அந்தச் சொல்லின் பொருளை நம் பாட்டன், பூட்டன்மார் அகராதியைப் பார்த்துக் கற்கவில்லை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, அங்கே அம்மை குத்திக்கொண்டு, கப்பலின் திறந்த தளத்தில் பயணம் செய்து பினாங்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். வந்ததும் தோட்டத்துக்குப் போக முடியாது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள ஜெரெஜாக் தீவில் இறக்கி, நாள் கணக்கில் நிறுத்திவைத்தார்கள். சிலாங்கூருக்கு வந்தவர்களுக்குப் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், இதே நிலைதான். சிங்கப்பூரில் 1873இல் வாந்திபேதி பரவிப் பலர் மாண்டதையடுத்து, 1874இல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் தொற்றுத்தடை நிலையம் திறக்கப்பட்டது. உடலுழைப்புத் தொழிலாளர் குடிபெயர்வதை 1938இல் இந்திய அரசு தடைசெய்யும் வரை இவ்வழியே வந்த தமிழர் எண்ணற்றோர்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. திறந்த தளத்தில் வந்த ஏழைகளே பெரும்பாலும் தீவில் இறக்கப்பட்டனர். அறை எடுத்துப் பயணம் செய்தவர்களிடம் அவ்வளவு கடுமை காட்டப்படவில்லை. நோய்க்கிருமி பயணச்சீட்டைப் பார்ப்பதில்லை என்பதை அன்றைய அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர். இருப்பினும் தோட்ட முதலாளிகளுக்கு வேண்டிய ஆட்களை இவ்வளவு முறையாகப் பரிசோதித்ததனால் பல தொற்றுகள் கடலோரத்திலேயே தடுக்கப்பட்டன என்பதையும் மறுப்பதற்கில்லை. இரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

அந்நாளில் ஊசிக்குச் சான்று தாளில் மட்டும் இருக்கவில்லை, தோளிலும் இருந்தது. பெரியம்மைக்குக் குத்திய இடத்தில் வட்டமான தழும்பு ஆயுள் முழுவதும் நிற்கும். நம் வீட்டு மூத்தோரின் கையில் இன்றும் அதைக் காணலாம். (இளையோரின் கையில் இருப்பது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு. இரண்டும் ஒன்றல்ல.)

பெரியம்மைத் தடுப்பு முறையை எட்வர்ட் ஜென்னர் 1796இல் இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தார். மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார். பின்னர் பெரியம்மைச் சீழைச் செலுத்தியும் அவனுக்கு நோய் வரவில்லை. ஆனால் அந்த அம்மைப்பாலை வெகுதொலைவுக்குக் கொண்டுசெல்வது எப்படி? குளிர்ப்பெட்டி இல்லாத காலம் அது. ஸ்பானிய அரசு 1803இல் கண்ட வழி இன்று கேட்டாலும் நம்மைத் திடுக்கிட வைக்கும். மருத்துவர் பிரான்சிஸ்கோ சேவியர் பால்மிஸ் தலைமையில் லா கொருஞா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் 22 ஆதரவற்ற சிறுவர்கள் ஏற்றப்பட்டார்கள். ஒருசிலருக்கு முதலில் அம்மை குத்துவார்கள். ஒன்பது பத்து நாளில் கொப்புளம் பழுத்ததும் அதன் நீரை எடுத்து அடுத்தவர்களுக்குக் குத்துவார்கள். இவ்வாறு கைவிட்டுக் கைமாறி, அம்மைப்பால் உயிரோடு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. அச்சிறுவர்களைக் கவனித்துக்கொள்ள இசபெல் செந்தால் என்னும் பெண்மணியும் உடன் சென்றார். பின்னர் மெக்சிகோவிலிருந்து வேறு 26 சிறுவர்களோடு அது 1805இல் பிலிப்பீன்சை அடைந்தது. அந்தப் பிள்ளைகளிடம் சம்மதம் கேட்டார் எவருமில்லை. அவர்களால் காப்பாற்றப்பட்டவர்களுக்கும் கணக்கில்லை.

இந்தியாவுக்கு அம்மைப்பால் பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்தது. 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் ஆன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது முதலில் பலித்தது. அக்குழந்தையின் கையிலிருந்தே அது இந்தியாவின் பிற பகுதிகளுக்குப் பரவியது.

இனி மஞ்சள் காய்ச்சலுக்கு வருவோம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்கள் வழியே அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்ற நோய் இது. கப்பலின் குடிநீர்ப் பீப்பாய்களில் முட்டையிட்டுப் பெருகிய கொசுக்களும் உடன் பயணம் செய்தன. 1793இல் பிலடெல்பியா நகரில் மட்டும் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை அது மாய்த்தது. காற்றால் வருகிறது, அழுக்கால் வருகிறது என்று பலவாறு எண்ணினர். கொசுவே காரணம் என்று 1881இல் கியூபாவின் கார்லோஸ் பின்லே சொன்னபோது நம்பினோர் சிலரே. 1900இல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்கப் படை மருத்துவக் குழு கியூபாவில் அதனை மெய்ப்பித்தது. அக்குழுவின் ஜெசி லேசியர் அதே நோயால் மடிந்தார். பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவில் இந்நச்சுயிரியை ஆராய்ந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் 1927இலும், ஜப்பானிய அறிஞர் ஹிதேயோ நொகுச்சி 1928இலும் இந்நோய்க்கே பலியாயினர்.

1927இல் இன்றைய கானாவைச் சேர்ந்த அசிபி என்பவரின் குருதியிலிருந்து நச்சுயிரி பிரித்தெடுக்கப்பட்டது. அசிபி பிழைத்துக்கொண்டார். அவர் உடலிலிருந்து கிடைத்த நச்சுயிரியை மாக்ஸ் தைலரும் உடன் உழைத்தவர்களும் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் திசுக்களில் வளர்த்து வலுவிழக்கச் செய்தனர். 1937இல் '17டி' என்னும் தடுப்பு மருந்து உருவாயிற்று. தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வானூர்திப் பணியாளரின் கையில் ஏற்றப்படுவது அதே 17டியின் வழிவந்த மருந்துதான்.

அம்மருந்தின் வரலாற்றில் கறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1942இல் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போட்ட மருந்தில் மனிதக் குருதிநீர் சேர்க்கப்பட்டிருந்தது. அக்குருதிநீரில் கல்லீரல் அழற்சி பி நச்சுயிரி கலந்திருந்ததால் சுமார் 50,000 வீரர்கள் காமாலையில் விழுந்தனர். அதன்பின் குருதிநீர் சேர்ப்பது கைவிடப்பட்டது. தடுப்பூசியைக் கண்டு அஞ்சுகின்ற பெற்றோரிடம் இதை மறைப்பதைவிட எடுத்துச் சொல்வதே நல்லது என்று எண்ணுகிறேன். பிழை எங்கே நேர்ந்தது என்பதும் எவ்வாறு களையப்பட்டது என்பதும் ஆவணங்களில் உள்ளன.

இப்போது நம் பெற்றோரின் வினாவுக்கு வரலாம். மஞ்சள் காய்ச்சல் ஆசியாவில் ஒருபோதும் வேரூன்றியதில்லை. ஏன் என்பதற்கு ஆய்வாளர் பல காரணங்கள் கூறுவர், ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் அதைப் பரப்பவல்ல கொசு நம்மிடம் தாராளமாக உண்டு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவே மஞ்சள் காய்ச்சலையும் பரப்புவது. நம் வீட்டுப் பூந்தொட்டியின் அடித்தட்டில் வளரும் அதே கொசுதான். டெங்கி ஆண்டுதோறும் நம் ஊரில் என்ன செய்கிறது என்பதை நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

கப்பல் காலத்தில் தொலைவே நமக்கு அரணாக இருந்தது. நச்சுயிரி உடலில் புகுந்து மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் தொடங்கும். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் வந்து சேர்வதற்குள் நோய் வெளிப்பட்டுவிடும். வானூர்தி அந்த அரணைத் தகர்த்துவிட்டது. நலமாகத் தோற்றமளிக்கும் ஒருவர் மறுநாளே நம் ஊரில் இறங்கி, தம் குருதியில் நச்சுயிரியோடு ஏடிஸ் கொசுவுக்கு விருந்தாகலாம். இந்த அச்சத்தினால்தான் 1933இலேயே ஹேக் நகரில் வான்பயணத்துக்கென்று தனியாக ஒரு பன்னாட்டுச் சுகாதார உடன்படிக்கை உருவாயிற்று. மஞ்சள் காய்ச்சலே அதன் முதன்மைக் கவலை. ஆகவே அந்த ஊசி அணியும் பிள்ளையைக் காக்கிறது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் திரும்பிவரும் வீட்டையும் தெருவையும் காக்கிறது என்பது.

உலக சுகாதார நிறுவனம் 1951இல் பன்னாட்டு விதிகளைத் தொகுத்தது. பெரியம்மை, வாந்திபேதி, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றுக்கான சான்றிதழ்களைக் கடப்பிதழோடு சேர்த்துச் சுமந்த காலம் அது. 1973இல் வாந்திபேதிச் சான்று விதியிலிருந்து நீங்கியது. 1977இல் சோமாலியாவில் இயற்கையான கடைசிப் பெரியம்மை நோயாளி காணப்பட்டார். 1980இல் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அதன் சான்றும் விதியை விட்டகன்றது. 2007இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் பெயர் குறித்துச் சான்று கேட்கப்படும் நோய் மஞ்சள் காய்ச்சல் ஒன்றுதான். மலேசியாவும் சிங்கப்பூரும் நோய் உள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் இச்சான்றைக் கேட்கின்றன. விமானப் பணியாளருக்கு இதில் தனிச்சலுகை எதிர்பார்க்க இயலாது.

இது வெறும் சடங்கு என்று நினைப்போருக்கு 2016ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். அங்கோலாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, அங்கு வேலை செய்த சீனத் தொழிலாளர் 11 பேர் அந்நோயுடன் வானூர்தியில் தாயகம் திரும்பினர். ஆசியாவில் இந்நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதன்முறை. அவர்களுள் பெரும்பாலோர் உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அல்லர். நல்வேளையாக அங்கே அது கொசுக்களிடம் தொற்றிப் பரவவில்லை. அதே ஆண்டு மருந்துப் பற்றாக்குறையால் கொங்கோவின் கின்ஷாசா நகரில் முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மக்களுக்குப் போடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஊசி போடாமலே முத்திரையை மட்டும் 'வாங்கிவிடலாம்' என்று காதோடு சொல்பவர்கள் எந்தத் துறையிலும் இருப்பார்கள். அந்த முத்திரையைக் கொசு படிக்காது.

வேலையில் சேரவிருக்கும் பிள்ளைகளுக்குச் சில செய்திகள். மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லா மருந்தகங்களிலும் கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடப்படும். அங்கு தரும் மஞ்சள் நிறச் சிறுபுத்தகத்தில் பெயர் கடப்பிதழில் உள்ளவாறே இருக்கவேண்டும். நம் பெயர்கள் நீளமானவை. தந்தை பெயரை விட்டுவிட்டு எழுதுவதும், எழுத்துக்கூட்டல் மாறுவதும் நம்மவர்க்கு அடிக்கடி நேர்வதால், மையத்தை விட்டு வருமுன் சரிபார்த்துக்கொள்ளவும். ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே சான்று செல்லுபடியாகும். முன்பு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒருமுறை போட்டதே வாழ்நாள் முழுமைக்கும் போதும், பழைய புத்தகங்களுக்கும் இது பொருந்தும்.

இது உயிருள்ள, வலுவிழந்த நச்சுயிரியைக் கோழிமுட்டைக் கருவில் வளர்த்துச் செய்யும் மருந்து. எனவே முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், கருவுற்ற பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசி கூடாது என்று மருத்துவர் கருதினால் அதற்குரிய விலக்குச் சான்றை அதே புத்தகத்தில் எழுதித் தருவார். ஆனால் சேரும் நாடு அதை ஏற்குமா என்பது அந்நாட்டின் முடிவு. கல்லீரல் அழற்சி பி ஊசி மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்பட்டு வருவதால், இளம் பணியாளர் பெரும்பாலோர் அதனை முன்னரே பெற்றிருப்பர். அதன் பதிவு வீட்டில் எங்கேனும் இருக்கும் பழைய குழந்தை நலப் புத்தகத்தில்தான். அம்மாக்கள் அலமாரியைத் தேடிப் பார்க்கவும்.