நெல்லை வானில் அலையும் ஒளியனும்: கிருஷ்ணாபுரம் ஆய்வுகளின் வரலாற்றுப் பின்னணி

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரத்தை வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களுக்காகவே பலரும் அறிவார்கள். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் அங்கேதான் இருக்கிறது. காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்வதே அந்த இடத் தேர்வுக்குக் காரணம். இங்கு மேல்வானத்தை அறிய முதலில் மின்காந்த அலையையும், பிறகு ஒளித்துகளான ஒளியனையும் (ஃபோட்டான்) நம்ப வேண்டியிருந்தது. ஒளிக்கொள்கை முன்னேறியதால் வந்த மாற்றம் அல்ல இது. அலை காட்டியதில் இருந்த ஒரு குறையே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கதையின் முதல் ஏடு தாமிரபரணி பிறக்கும் பொதிகையிலேயே கிடைக்கிறது. திருவிதாங்கூர் அரசின் வானாய்வு நிலையத்தை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்குள்ள அகத்தியர் மலை உச்சிக்குக் காந்தக் கருவிகளைக் கொண்டுபோனார். திருவனந்தபுரத்திலும் மலையுச்சியிலும் காந்த ஊசி நாள்தோறும் எப்படி அசைகிறது என்ற பதிவுகள் 1874இல் நூலாயின. அவர் கருவிகளோடு மல்லுக்கட்டிய அதே காலத்தில்தான், 1865இல், இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரான மேக்ஸ்வெல், ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று சமன்பாடுகளால் காட்டினார். ஊசியின் அன்றாட அசைவுக்குக் காரணம் மேல்வானில் ஓடும் மின்னோட்டமாக இருக்கலாம் என்று பால்ஃபோர் ஸ்டூவர்ட் 1882இல் ஊகித்தார். காந்த நடுக்கோட்டருகே சுமார் 105 கி.மீ. உயரத்தில் பகலில் ஓடும் அந்த அடர்ந்த மின்னோட்டத்துக்கு 1951இல் சிட்னி சாப்மன் வைத்த பெயர்தான் இன்றும் வழங்குகிறது: எலெக்ட்ரோஜெட்.

ஊசி தரையில் இருந்தபடி ஓட்டத்தின் விளைவை மட்டும் சொல்லும். அந்த உயரத்தையொட்டிக் காற்று எப்படி வீசுகிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. பலூன் அங்கே எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. எனவே 1992இல் இங்கு ஒரு ரேடார் நிறுவப்பட்டது. அதன் அதிர்வெண் 1.98 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறக்குறைய 151 மீட்டர். மேலே அனுப்பிய துடிப்பு 90 கி.மீ. உயரத்து எலெக்ட்ரான்களில் பட்டு 0.6 மில்லிவினாடியில் திரும்பும். தள்ளித் தள்ளி நிற்கும் ஆன்டெனாக்களில் எதிரொலி மங்கித் தெளிகிற நேர வேறுபாட்டைக் கணக்கிட்டால் காற்றின் வேகமும் திசையும் கிடைக்கும். இம்முறைக்கு 1949இல் அடித்தளமிட்டவர்களில் எஸ்.என். மித்ரா என்ற இந்தியரும் ஒருவர்.

ஆனால் ரேடியோ அலை பார்ப்பது எலெக்ட்ரானைத்தான், காற்றை அல்ல. அடிக்கடி மோதும் காற்றணுக்களோடு எலெக்ட்ரானும் இழுபடும் வரை இரண்டும் ஒன்றே. உயரம் கூடக்கூட மோதல் குறைந்து, எலெக்ட்ரான் மின்புலத்தின் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறது. நெல்லை ரேடாரின் பகல்நேரப் பதிவுகளில், அளவீட்டு எல்லையின் மேற்பகுதியில் எலெக்ட்ரோஜெட்டின் சாயல் கலந்திருப்பதைக் குருபரனும் ராஜாராமும் 2000இல் வெளியிட்டார்கள். காந்த நடுக்கோட்டைவிட்டு விலகிய ஊரில் இந்த ரேடாரை வைத்திருந்தால் இச்சிக்கலே எழுந்திருக்காது. எந்த இடச்சிறப்புக்காக ஆய்வுக்கூடம் வந்ததோ, அதுவே அளவீட்டையும் கலக்கியது.

மின்னேற்றமற்ற அணுவே தரும் செய்தி வேண்டுமென்றால் இரவில் வானம் தானே உமிழும் மங்கிய ஒளியைப் பார்க்க வேண்டும். இந்த வானொளிர்வின் பச்சைக் கோட்டை 1860களிலேயே ஆங்ஸ்ட்ரோம் கண்டார். அது ஆக்சிஜனுடையது என 1925இல் டொரொன்டோவில் மக்லெனனும் ஷ்ரமும் நிறுவினார்கள். பகலில் 242 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளியன், அதாவது ஏறத்தாழ 5.1 எலெக்ட்ரான் வோல்ட்டோ அதற்கு மேலோ ஆற்றல் கொண்டது, ஆக்சிஜன் மூலக்கூறை இரு அணுக்களாகப் பிளக்கிறது. இருட்டிய பிறகும் அவை மெல்ல மெல்லச் சேர்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலில் ஒரு பங்கைப் பெற்றுக் கிளர்ந்த அணு, சுமார் 97 கி.மீ. உயரத்தில் 557.7 நானோமீட்டர் ஒளியனாக அதைக் கழிக்கிறது. அதன் ஆற்றல் 2.22 எலெக்ட்ரான் வோல்ட்.

ரேடார் அலையின் ஓர் ஒளியனுக்கு உள்ள ஆற்றலைப்போல் இது சுமார் 27 கோடி மடங்கு. பிளாங்க் 1900இல் தந்த மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கினால் போதும், இந்த வேறுபாடு புலப்படும். ரேடியோ ஒளியன் ஒவ்வொன்றும் அவ்வளவு சிறியது. அவற்றை எண்ண எவரும் மெனக்கெடுவதில்லை, அலையாகவே நடத்துகிறார்கள். பச்சை ஒளியனோ உணர்கருவியில் ஓர் எலெக்ட்ரானைத் தட்டியெழுப்பப் போதுமானது. அதனால் அது எண்ணப்படுகிறது.

630 நானோமீட்டர் சிவப்புக் கோட்டின் கணக்கு வேறு. அதன் ஆற்றல் 1.97 எலெக்ட்ரான் வோல்ட். ஆனால் பச்சைக்குரிய கிளர்நிலை ஒரு வினாடிகூடத் தாங்காதபோது, சிவப்புக்குரியது ஏறத்தாழ 110 வினாடி காத்திருக்கும். அடர்ந்த காற்றில் அதற்குள் மோதல் அதன் ஆற்றலைப் பறித்துவிடும். எனவே சிவப்பு சுமார் 250 கி.மீ. உயரத்திலிருந்துதான் வரும். எந்த வடிகட்டியைப் பொருத்துகிறோமோ, அதற்குரிய உயரத்தைப் பார்க்கிறோம்.

வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் கேமரா பின்னர் வந்தது. நாராயணன், குருபரன், எம்பெருமாள் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கடலோதம் ஆற்றுமுகத்தில் சுவர்போல ஏறுவதை ஒத்த ஓர் அலைமுகப்பு நெல்லை வானில் நகர்ந்தது பதிவாகியுள்ளது. ஒளியன்களை எண்ணிச் சேர்த்த படத்தில் தெரிந்தது காற்றின் அலை.

ஆனாலும் குறை முழுவதும் தீரவில்லை. தென்மேற்குப் பருவத்தில் பொதிகைப் பக்கமிருந்து மேகம் வந்து மூடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. கேமராவுக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அதுவும் நிலா இல்லாத வேளைகள். எலெக்ட்ரோஜெட் வலுப்பதோ பகலில். ரேடார் பதிவில் ஐயம் எழும் அந்த நேரத்தில் கேமராவின் கண் மூடியே இருக்கிறது.