உரித்தால் தெரியும் நிறம்



இராணுவ லோரியைப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் இருக்க முடியாது. பச்சை, மண்ணிறம், கறுப்பு என்று திட்டுத் திட்டாகச் சாயம் அடித்திருக்கும். “ஏன் சார் இப்படிக் கன்னாபின்னான்னு அடிச்சிருக்காங்க?” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அது கன்னாபின்னா அல்ல. அதற்கு உருமறைப்பு என்று பெயர். அந்தக் கலையின் சரித்திரத்தில் நம் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு, நம் பால்மரத்துக்கும் பங்கு உண்டு.

முதல் ஆசிரியர் இயற்கைதான். நம் காட்டுப் புலியை எண்ணிப் பாருங்கள். அதன் வரிகள் உடம்பின் விளிம்பை உடைத்துவிடுகின்றன. மானின் கண்ணுக்குச் செம்மஞ்சளும் பச்சையும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். ஆகவே நமக்குப் பளிச்சென்று தெரிகிற புலி, மானுக்குப் புதரோடு புதராகிவிடுகிறது.

மனிதன் இதை மெல்லத்தான் கற்றான். 1840களில் பெஷாவர் பக்கம் இருந்த இந்தியப் படை ஒன்று புழுதி நிறத்தில் உடுத்தத் தொடங்கியது. ‘காக்கி’ என்ற சொல்லே புழுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். 1915-இல் பிரெஞ்சு இராணுவம் ஓவியர்களைக் கொண்டு உருமறைப்புக்கென்றே ஒரு பிரிவை அமைத்தது. படம் வரைந்த கை பீரங்கிக்குச் சாயம் பூசியது!

இந்தக் கோலத்தை ஒழுங்காகப் போட ஒரு நல்ல வழி, ஒட்டும் வெட்டுத்தாள். முன்பு ரப்பர் கட்டுகளின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்துத் தோட்டத்துக் குறியை அடிப்பார்கள். பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும். அதில் வெட்டிய இடத்தில் சாயம் விழும். இதில் தாள் ஒட்டிய இடத்தில் சாயம் விழாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் முழுப் பரப்புக்கும் வெளிர் மண்ணிறம் பூசிக் காயவிட வேண்டும். எங்கெல்லாம் மண்ணிறம் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் வளைவாக வெட்டிய தாளை ஒட்ட வேண்டும். அதன் மேல் பச்சை. அது காய்ந்ததும், பச்சை நிற்க வேண்டிய இடத்தில் இன்னொரு தாள். முதல் தாளின் மேல் சற்று ஏறினாலும் பரவாயில்லை. கடைசியில் கறுப்பு. இப்போது பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. மெல்ல மெல்லத் தாளை உரித்தால்தான் மூன்று நிறமும் வெளியே வரும். தாளின் விளிம்பை நகத்தால் அழுத்தாமல் விட்டால் சாயம் உள்ளே கசிந்துவிடும். கவனம் வேண்டும், பொறுமை வேண்டும்.

ஒட்டுத்தாளின் கதையும் கேளுங்கள். 1925-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர், கார்களுக்கு இரண்டு நிறம் பூசுவோருக்காக, சாயத்தைக் கெடுக்காமல் உரிக்கக்கூடிய ஒட்டுத்தாளைச் செய்தார். பிற்காலத்தில் இத்தகைய தாள்களின் பசைக்கு இயற்கை ரப்பரும் பிசினும் பயன்பட்டன. விடியற்காலை இருட்டில் நம் பாட்டிமார் வெட்டிய பாலுக்கு உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருந்திருக்கிறது!

அந்தப் பால்காட்டுக்கும் போர் வந்தது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். மறுநாள், நமக்கு வடக்கே பட்டர்வொர்த் விமானத் தளத்தில், பச்சையும் பழுப்பும் பூசிய பிளென்ஹைம் குண்டு விமானங்கள் புறப்படத் தயாராக நின்றன. அந்த நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்கின. ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானி மட்டும் மேலெழும்பி, தனியாகவே சிங்கோரா வரை சென்று குண்டு போட்டார். படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் இறங்கி, அன்றே உயிர்நீத்தார். 1946-இல் அவருக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. திறந்த வெளியில் நிற்கும் விமானத்தை வெறும் சாயம் காப்பாற்றுமா? அந்த மாத நடுவில் பிரிட்டிஷ் படை நம் கிரியான் ஆற்றுக்குத் தெற்கே பின்வாங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது.

ஸ்கார்ஃபின் வீரம் ஏட்டில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் எத்தனை பேரின் பெயர் ஏட்டில் இருக்கிறது? 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிந்தது. போனவர்களில் மிகப் பலர் திரும்பவே இல்லை. சரித்திரத்தின் மேலும் அடுக்கடுக்காகச் சாயம் ஏறியிருக்கிறது, அன்பர்களே. மேலே தெரிவது கடைசியாகப் பூசிய நிறம் மட்டுமே.

மாணவர்களே, அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டிய வயதினர். சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். “தாத்தா, ஜப்பான்காரன் காலத்துல நம்ம வீட்டுல யார் போனாங்க? யார் திரும்பி வந்தாங்க?” என்று கேளுங்கள். பெயர், தோட்டம், ஊர் மூன்றையும் எழுதி வையுங்கள். பெற்றோர்களே, கூடவே நீங்களும் உட்காருங்கள்; உங்களுக்கும் தெரியாத செய்தி வரும். அவசரப்படாமல் கேளுங்கள். பொறுமையாக உரித்தால்தான் அடியில் இருக்கும் நிறம் கெடாமல் வரும்.