சாவோரைக் கேட்டறிந்த கல்வி

சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடுகின்ற மூலையைக் கடந்து செல்லும் நம்மவர் எண்ணற்றோர். அவ்விடத்தே ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் ஓர் ஏழையர் ஆஸ்பத்திரி இருந்ததென்பதை அறிந்தோர் அவருள் மிகச் சிலரே. டான் டோக் செங் என்னும் சீன வணிகர் 5,000 வெள்ளி கொடுத்துதவ, 1844 ஆம் ஆண்டில் பெர்ல்ஸ் ஹில் குன்றில் அடிக்கல் நாட்டப்பெற்ற அவ்வாஸ்பத்திரி, 1860 வாக்கில் சிராங்கூன் சாலைக்கு வந்தது. 1909இல் மௌல்மீன் சாலைக்குப் பெயர்ந்தது. போக்கிடமற்ற நோயாளிகள் பலர் அங்கே வந்து கிடந்து மாண்டனர்.

கிராணி வேலை பார்க்கும் நமக்குப் பேரேடு புதிதன்று. ஆஸ்பத்திரிப் பேரேட்டில் சேர்ந்தோர் இத்தனை பேர், மீண்டோர் இத்தனை பேர், இறந்தோர் இத்தனை பேர் என்று கட்டங்கள் உண்டு. இறந்தவன் எங்ஙனம் இறந்தான், வலித்ததா, எதை அஞ்சினான், யாரைக் காண விழைந்தான் என்பதற்குக் கட்டமில்லை. யாரும் கேட்டாலன்றோ எழுதுவதற்கு!

இதனினும் வியப்பானதொன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நகரத்துச் சர்க்கார் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி, அபின் குத்தகையால் வந்தது. 1910இல் சர்க்காரே அவ்வியாபாரத்தை ஏற்று நடத்தியது. அபின் புகைத்தலைத் தடுக்கும் சட்டம் 1946இல்தான் வந்தது. வலி தீர்க்கும் மார்ஃபின், அவ்வபினிலிருந்து எடுக்கப்படும் சத்தேயாகும். அபினால் ஓர் ஊர் செழித்தது. ஆயினும் துடித்துச் சாவோனுக்கு அதன் சத்தை முறையாக அளந்து கொடுக்கும் கல்வி மட்டும் அவ்வூரில் பிறக்கவில்லை.

சைனாடவுனில் சேகோ லேன் என்றொரு சந்து. அங்கிருந்த சாவு வீடுகளின் கீழ்த்தளத்தில் ஈமச் சடங்குகள் நடக்கும். மேல்தளத்தில் சாவை எதிர்நோக்கியோர் படுத்திருப்பர். ஓர் அறைக்குள் பலர் நெருங்கி வாழ்ந்த காலத்தில், வீட்டுள் சாவு நேர்ந்தால் கேடு சூழும் என்னும் அச்சமும் இருந்தமையால், உழைத்துத் தேய்ந்தோர் பலர் அங்கே சென்று கிடந்தனர். 1961இல் அவ்வீடுகள் தடை செய்யப்பட்டன. தடை செய்தது சரியே. ஆயின் அங்கே படுத்திருந்தோர்க்கு மாற்றிடம் யாது என்னும் வினா மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் விடையின்றி நின்றது.

நிற்க. இக்கல்வி பிறந்தது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவப் பேரறிஞர், அமெரிக்காவிலே சுமார் 500 மரணப் படுக்கைகளைக் குறித்து வைத்தார். தொண்ணூறு பேரே உடல் நோவால் வருந்தினர் என்பது அவர் கண்ட முடிபு. ஆயின் அக்குறிப்புகள் அருகே நின்று பார்த்தவர் கண்டவை. படுத்திருந்தவர் கூறியவை அல்ல. 1963இல் லண்டன் நகரத்து ஜான் ஹின்டன் என்னும் மனநோய் மருத்துவர், சாகக் கிடந்தோரையே அருகமர்ந்து வினவித் தம் முடிபை வெளியிட்டார். தமக்குச் சாவு நெருங்கிற்றென்பதை அவருள் பாதிக்கு மேற்பட்டோர் அறிந்தே இருந்தனராம்!  

அதே நகரில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் முதலில் தாதி, பின்னர் நோயாளர்க்கு உதவும் சமூக ஊழியர், அதன்பின் மருத்துவர். 1958 முதல் ஏழாண்டுக் காலம் ஹாக்னி பகுதியிலிருந்த செயின்ட் ஜோசப் இல்லத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் சொற்களைக் குறித்து வைத்தார். வலி வந்து கதறிய பின்னர் மருந்து கொடுத்தல் அக்கால வழக்கம். வலி வருமுன்னரே, கடிகாரம் பார்த்து, குறித்த நேரத்தில் வாய்வழி மார்ஃபின் கொடுத்தால் நோயாளி தெளிந்த அறிவோடு பேசி உண்டு வாழ்கிறான் என்பதையும், முறைப்படி அளந்து கொடுத்தால் அதற்கு அடிமையாதல் அரிது என்பதையும் அக்குறிப்புகள் காட்டின. 1967இல் அவர் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தில் சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட, வலி தணிக்கும் மூன்றுபடி முறையிலும் கடிகாரம் பார்த்துக் கொடுத்தல் என்னும் விதி இடம்பெற்றது.

சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டு, கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் பதினாறு படுக்கைகள் இறுதி நோயாளர்க்கென ஒதுக்கப்பட்டன. அந்நாளில் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வந்திருந்த ஆன் மெரிமன் அம்மையாரும் மருந்தாளர் சிலரும், மார்ஃபின் தூளை நீரிற் கரைத்து மலிவான குடிமருந்தாக்கினர். அம்முறையை அவர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றார். 1993இல் உகாண்டாவில் நிறுவிய இல்லத்தின் வழியாக அங்கே அது ஏழையர் மருந்தாயிற்று. இங்கே 1989இல் தொண்டர்கள் கூடி எச்சிஏ என்னும் சங்கத்தை அமைத்து வீடுதேடிச் செல்லலாயினர். அவருள் முன்னின்றவர் 2022இல் மறைந்த டாக்டர் சிந்தியா கோ.

இவ்விடத்தில் நம் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூறாது மேற்செல்லுதல் நேர்மையாகாது. நம் பெரியப்பா தோட்டத்தில் மரம் வெட்டி முதுமையுற்றவர். அவர்க்குத் தொண்டையில் புற்று கண்டது. ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவர் குடும்பத்தில் நாம் ஒருவரே; ஆதலால் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் அவர்க்கும் இடையே நின்று மொழிபெயர்த்தோம். நோய் தீராதென்றும், வலியைத் தணிக்க மார்ஃபின் தரலாமென்றும் டாக்டர் பொறுமையோடு விளக்கினார். பெரியம்மாவும் அத்தையும் முன்னரே நம்மிடம் சத்தியம் வாங்கியிருந்தனர். “மூன்று மாதத்தில் குணமாகுமாம் பெரியப்பா” என்றோம். அவர் நம் முகத்தைச் சற்றுநேரம் உற்றுநோக்கி, “ஏன் தம்பி, டாக்டர் அவ்வளவு நேரம் பேசினாரே, நீ சொன்னது கொஞ்சந்தானே?” என்றார். நாம் விடை கூறவில்லை. அதன்பின் அவர் நோயைப்பற்றி யாரையும் கேட்டதில்லை. அபினுக்கு அடிமையாவார் என்று வீட்டார் அஞ்சியதால், மருந்துப் புட்டி பதினொரு நாள் அலமாரியில் திறவாமலே இருந்தது. அத்தனை இரவும் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வினைப்பயன் என்றனர் சிலர். வினை நம்முடையதே, நாம் தவறாக மொழிபெயர்த்தோம்.

இது நம் வீட்டு நோய் மட்டுமன்று என்பதை ஆராய்ச்சியே காட்டுகின்றது. 2008இல் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் லியன் அந்திமகாலப் பராமரிப்பு ஆய்வு நிலையம் தோன்றியது. அந்நிலையத்தார், முற்றிய புற்றுநோயாளர் 600 பேரை மூன்று திங்களுக்கொருமுறை, அவர் இறக்குமளவும் தொடர்ந்து வினவினர். வலி எவ்வளவு, செலவு எவ்வளவு, தம் நோயைப்பற்றி அறிந்தது யாது என்பன வினாக்கள். தம் நோய் தீராதென்பதை அறியாதோர், அல்லது தீருமென நம்பியோர், அவருள் பலராக இருந்தனர்.

அந்நிலையத்தாரின் மற்றோர் ஆய்வு நம்மைத் திகைக்க வைத்தது. இதயம் தளர்ந்த நோயாளர் 282 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் இறுதிக்கால விருப்பங்களை முன்கூட்டிப் பேசி எழுதி வாங்கினர். முடிவில், எழுதியவர்க்கு எழுதாதவரினும் மிகுதியாக விருப்பப்படி சிகிச்சை கிட்டியதாகத் தெரியவில்லை! எழுதி வைத்தால் நடந்துவிடும் என்றெண்ணுவது கிராணி புத்தி போலும். நோய் மாறமாற விருப்பமும் மாறுகின்றது. ஆதலின் ஒருமுறை கேட்டு ஏட்டை மூடுதல் போதாது.

தாய்நாட்டின் நிலையையும் ஒரு வார்த்தை கூற வேண்டும். உலகின் மருந்துகளுக்கென அபின் பயிரிட்டுத் தந்த இந்தியாவில், 1985இல் வந்த போதைப்பொருட் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளும் மார்ஃபின் வைத்திருக்க அஞ்சின. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தோழரோடு தொடங்கிய சங்கம் கேரளமெங்கும் வேரூன்றியது. சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. சாவின் தரத்தை அளந்து 2010இல் வெளியிட்ட பட்டியலில் நாற்பது நாடுகளுள் சிங்கப்பூர் பதினெட்டாவது, இந்தியா நாற்பதாவது. 2015இல் எண்பது நாடுகளுள் சிங்கப்பூர் பன்னிரண்டாவது, இந்தியா அறுபத்தேழாவது.

முன்னேறிய சிங்கப்பூரிலும் குறை தீர்ந்தபாடில்லை. 2014இல் நடந்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு 77 பேர் வீட்டிலேயே உயிர்விட விரும்புவதாகக் கூறினர். ஆஸ்பத்திரியில் இறப்போர் நூற்றுக்கு 61 பேராயிருக்க, அதனை 2027க்குள் 51 ஆக்குவதென்று சுகாதார அமைச்சு 2023இல் குறிக்கோள் வகுத்தது. எச்சிஏ சங்கத்துத் தாதியர் கட்டணமின்றி வீட்டிற்கே வருகின்றனர். ஆயினும் தாதி விடைபெற்றுச் சென்றபின் மருந்தை அளப்பவர் வீட்டாரே. புட்டியைத் திறக்க அஞ்சாதவராயும், “டாக்டர் என்ன சொன்னார்?” என்று நோயாளி கேட்டால் அவர் சொன்னதையே சொல்பவராயும், அந்நேரத்தில் ஒருவர் அங்கிருத்தல் வேண்டும்.