வெந்தயமும் இரத்தச் சர்க்கரையும்

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த செடியின் விதை வெந்தயம். அஞ்சறைப்பெட்டிப் பொருள்களுள் நீரிழிவுக்கு மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. சர்க்கரையைக் குறைப்பது விதையில் ஏறத்தாழப் பாதியாக உள்ள நார்ச்சத்தா, 4-ஹைட்ராக்சிஐசோலூசின் என்னும் அமினோ அமிலமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சான்றுகள் நாரின் பக்கமே கூடுதலாகச் சாய்கின்றன. சித்த மருத்துவம் மதுமேகம் என்று குறித்த நோய்க்கு அந்நாளில் இரத்த அளவீடு இல்லாததால், பழைய கைமருந்துகளின் பலனை இன்றைய ஆய்வுகளோடு ஒப்பிட வழியில்லை.

தமிழ்நாட்டில் நீரிழிவு மருத்துவத்தின் வரலாறு வடசென்னையில் விரிவடைகிறது. துறைமுகத் தொழிலாளரும் திருவொற்றியூர், எண்ணூர் ஆலைக் குடும்பங்களும் நாடிவரும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மருத்துவர் மு. விசுவநாதன் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இதுவே முதலாவது என்பர். 1970களின் தொடக்கத்தில் ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் அவர் அமைத்த நீரிழிவு மருத்துவமனையும் ஆய்வு மையமும் சோற்றை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. பருப்பு, கீரை, காய்களால் நாரைப் பெருக்கி, மாவுச்சத்தையும் தாராளமாக அனுமதித்த உணவுமுறையை அங்கு பரிந்துரைத்தனர். சோறுண்ணும் மக்களின் இலையறிந்து வகுத்த முறை அது. தீட்டிய அரிசிக்கு அவ்வளவு இடம் தரலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நாரின் பயனை மறுப்பவர் அரிது.

வெந்தய ஆய்வுக்குக் களம் ஐதராபாத். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆர். டி. சர்மா குழு 1990இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை நீரிழிவுள்ள சிலருக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளுக்கு 100 கிராம், இரு வேளையாகப் பிரித்து, 10 நாள் தரப்பட்டது. சிறுநீரில் வெளியேறிய சர்க்கரை 54 விழுக்காடு குறைந்தது. ஊறிய வெந்தயத்தில் விரலில் ஒட்டும் அந்த வழவழப்பு, குடலிலும் கூழாகி, சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதமாக்குகிறது. அமினோ அமிலத்தை முன்னிறுத்துவோர் 1998இல் வெளியான பிரெஞ்சு ஆய்வைக் காட்டுவர்: தனித்தெடுத்த எலி, மனிதக் கணையத் திட்டுகளில் அது இன்சுலின் சுரப்பைக் கூட்டியது. ஆயினும் கணையத் திட்டில் தெரிந்த விளைவு உணவு உண்ட மனிதருக்கும் பொருந்தும் என்று கொள்ள அது மட்டும் போதாது. நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினின் வேரும் அவரைக் குடும்பச் செடியொன்றில்தானே என்ற வாதம் வலுவானது. ஆனால் அம்மருந்து செடியிலிருந்து அப்படியே எடுத்ததன்று. ஆய்வகத்தில் செய்து, அளவு வகுத்து, 1957இல் நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் வெளியான பின்னரே புழக்கத்துக்கு வந்தது.

மற்றோர் அஞ்சறைப்பெட்டிப் பொருளான இலவங்கப்பட்டைக்கு ஆதரவாக 2003இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் நடந்த ஆய்வு பேசப்பட்டது. 2012இன் காக்ரேன் மதிப்பாய்வு சான்று போதாது என்றது. வெந்தயத்துக்கு வந்தால், 2015இல் வெளியான மூன்றாண்டு ஆய்வொன்று, நீரிழிவின் விளிம்பில் நின்றோருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் வெந்தயம் பயன் தந்ததாகக் கூறுகிறது. பங்கேற்றவர் 140 பேரே. தாளிப்பில் விழும் சிட்டிகைக்கு இம்முடிவுகள் பொருந்தா. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெந்தயத்தை இவ்வளவு சேர்த்தால் சர்க்கரை மிகவும் தாழக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.