அரிக்கமேட்டு ஓடு

புதுச்சேரிக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் கடற்கரைச் சாலையில் உலாவுவார்கள். பிரெஞ்சுத் தெருவில் மஞ்சள் சுவர் ஓரமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் என் மனைவியும் இரண்டு நாள் அதையேதான் செய்தோம். மூன்றாம் நாள் காலையில், "அரிக்கமேடு போய் வருவோம்" என்றேன்.

"அங்கே என்ன இருக்கிறது?"

"யவனர்கள்!"

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு யவனர்களிடம் ஒரு சபலம் உண்டு. அரண்மனை வாசலில் காவலுக்கு நிறுத்த அவர்களைவிட எடுப்பான ஆள் கிடையாது.

ஊருக்குத் தெற்கே 4 கிலோமீட்டர்தான். அரியாங்குப்பத்து ஆறு கடலைத் தொடுமுன் சற்றே தயங்கி நிற்கும் இடத்தில் மாவும் தென்னையும் அடர்ந்த மேடு. "பார்க்க ஒன்றும் இல்லையே, சார்" என்று ஆட்டோக்காரர் முன்னதாகவே எச்சரித்துவிட்டார். ஆனாலும் ஒரு பாழடைந்த செங்கல் சுவர் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு கோணத்தில் படம் எடுத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மடத்தின் மிச்சம் என்று.

"உங்கள் யவனர்கள் ஜபமாலை உருட்டினார்களோ?" என்றாள் மனைவி.

இந்த மேட்டைப் பற்றி முதலில் எழுதி வைத்தவர் லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானநூலார். 1769-இல் சூரியனைச் சுக்கிரன் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்தவர். அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது, பாவம்! வானம் ஏமாற்றினாலும், வீராம்பட்டினத்தருகே ஆற்றங்கரையில் புதைந்து கிடந்த பழைய செங்கற்சுவர்கள் அவர் கண்ணில் பட்டன. அதன்பின் ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டு ஒருவரும் பொருட்படுத்தவில்லை. 1930-களில்தான் துப்ராய் என்ற பிரெஞ்சு ஆசிரியர் இங்கே கிடைத்த மணிகளையும் முத்திரைக் கற்களையும் சேகரித்தார்.

பிறகு வந்தவர் மார்ட்டிமர் வீலர். 1945-இல் தோண்டினார். அவரைத் துள்ளவைத்தது தங்கமல்ல, உடைந்த சிவப்புத் தட்டின் சில்லுகள். இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரின் பெயரால் அறியப்பட்ட தட்டு வகை அது. எந்தக் காலத்தில் வழங்கியது என்பது ஐரோப்பியருக்குத் தெரியும். அதே மண்ணடுக்கில் நம் ஊர்ச் சட்டிபானையும் கிடைத்தால்? அவற்றுக்கும் வயது சொல்லிவிடலாம் அல்லவா! தென்னாட்டுப் பழம்பொருளுக்குக் காலம் கணிக்க வழியின்றித் தவித்தவர்களுக்கு, எவனோ சாப்பிட்டுக் கைதவறிப் போட்ட தட்டு பஞ்சாங்கமாக வாய்த்தது.

ஆனால் வீலர் ஒன்றில் அவசரப்பட்டார் என்றே நினைக்கிறேன். ரோம வாணிகம்தான் இந்த ஊரை ஊராக்கியது என்று அவர் எண்ணினார். 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி அதைத் திருத்தினார். யவனக் கப்பல் வருமுன்பே இங்கே மக்கள் குடியிருந்தார்கள். அது நின்ற பிறகும் இருந்தார்கள். கண்ணாடியிலும் கல்லிலும் மணி கோத்து விற்றார்கள். பானையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் தங்கள் பெயரைக் கீறி வைத்தார்கள்.

நான் எழுதிய கதை ஒன்றிலாவது ஒரு மணிக்காரன் வந்ததுண்டா? யோசித்துப் பார்த்தேன். இல்லை.

மழை அரித்த சரிவில் மனைவி குனிந்து ஏதோ எடுத்தாள். கட்டைவிரல் அகலத்தில் ஒரு கறுப்பு ஓடு. ஓரத்தில் குயவன் விரல் அழுந்திய பள்ளம். அவள் தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள்; பொருந்தியது. "வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்றாள்.

எனக்கும் ஆசைதான். சட்டைப்பையில் போட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் கிடந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அந்த ஓட்டுக்கு வயது சொல்ல யாராலும் முடியாது. அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எடுத்த இடத்தைத் தேடி, அதே பள்ளத்தில் வைத்து, மேலே மண்ணைத் தள்ளினாள்.

ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "நான்தான் சொன்னேனே, சார்" என்றார்.