தொலைக்கட்டுப்பாட்டு மாதிரி வானூர்திப் பாதுகாப்பு

தொலைக்கட்டுப்பாட்டு மாதிரி வானூர்திப் பாதுகாப்பு என்பது, வானலை வழியே தரையிலிருந்து இயக்கப்படும் சிறிய வானூர்திகளைப் பறக்கவிடுவோர், தமக்கும் பிறருக்கும் தீங்கு நேராதிருக்கக் கைக்கொள்ளும் பழக்கங்களையும் ஒழுங்குகளையும் குறிக்கும். இவற்றுள் சில சட்டத்தால் விதிக்கப்பட்டவை. பெரும்பாலானவை விபத்துகளிலிருந்து கற்றுக்கொள்ளப்பட்டவை ஆகும்.

இவ்வூர்திகளை விளையாட்டுப் பொருள் என எண்ணுவது தவறு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 2 கிலோகிராம் எடையுள்ள மாதிரி, ஏறத்தாழ எட்டு மாடி உயரத்திலிருந்து விழும் அதே எடையுள்ள கல்லின் ஆற்றலைக் கொண்டிருக்கும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பயிற்சி மிக்க 19 வயது இளைஞர் ஒருவர் தாம் இயக்கிய மாதிரி உலங்கூர்தியே தாக்கி உயிரிழந்தார்.

பின்னணி

வானலையால் இயக்கப்பட்ட தொடக்ககால மாதிரிகளுள் புகழ்பெற்றது, அமெரிக்காவின் குட் சகோதரர்கள் 1937இல் பறக்கவிட்ட 'கஃப்' ஆகும். இந்தியாவில் தேசிய மாணவர் படையின் வான்பிரிவு ஏரோமாடலிங் பயிற்சி அளிக்கிறது. தமிழ்நாட்டில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்‌ஷா குழு ஆளில்லா வானூர்திகளுக்குப் பெயர் பெற்றது. இப்பொழுதுபோக்கில் ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித் குமார் 2018இல் அக்குழுவின் ஆலோசகராக இருந்தார்.

அனுப்பியும் பெறுவியும்

முதன்மையான பழக்கம் ஒன்றே: கையிலுள்ள அனுப்பியை முதலில் இயக்கி, இறுதியில் அணைக்க வேண்டும். ஊர்தியின் மின்கலத்தை இணைப்பது அதன் பின்னரே. பறந்து முடிந்ததும் முதலில் கழற்ற வேண்டியதும் அதுவே. குறிப்பலை கிடைக்காத பெறுவி, இரைச்சலைக் கட்டளையாகக் கொண்டு மோட்டாரை முழு வேகத்தில் சுழற்றிவிடக்கூடும்.

35, 72 மெகாஹெர்ட்சு அலைவரிசைகள் வழக்கிலிருந்தபோது, ஒரே தடத்தில் இருவர் அனுப்பியை இயக்கினால் பறந்துகொண்டிருக்கும் ஊர்தி கட்டுப்பாடிழந்து விழும். எனவே தட எண் பொறித்த கவ்வியைப் பலகையிலிருந்து எடுத்தவர் மட்டுமே அனுப்பியை இயக்கலாம் என்ற ஒழுங்கு இருந்தது. 2.4 கிகாஹெர்ட்சு கருவிகள் தாமே தடத்தைப் பகிர்ந்துகொள்வதால் இச்சிக்கல் பெரிதும் நீங்கியது. ஆயினும் தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி அமைத்து, ஊர்தியைப் பிடித்துக்கொண்டு அனுப்பியை அணைத்துச் சோதிப்பதைப் பலர் தவிர்த்துவிடுகின்றனர். அனுப்பியின் திறனைக் குறைத்து எட்டுதொலைவைச் சோதிப்பதும் நாளின் முதற் பறப்புக்கு முன் செய்ய வேண்டியதாகும்.

புரொப்பெல்லர்

விரல் காயங்களுக்குப் பெருங்காரணம் இதுவே. எரிபொருள் எஞ்சின் நின்றால் நின்றதுதான்; மின்மோட்டாரோ மின்கலம் இணைந்திருக்கும் வரை எந்நொடியும் சுழலக்கூடும். புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் எவரும் நிற்றலாகாது. கழுத்திலிருந்து தொங்கும் அனுப்பிப் பட்டை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை ஆகியன சிக்கக்கூடும். பணிமேசையில் அமைவுகளை மாற்றும்போது அதனைக் கழற்றி வைப்பதே நன்று.

மின்கலம்

இலித்தியம் பாலிமர் மின்கலத்தின் ஒவ்வொரு கலமும் முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட்டு காட்டும். சேமித்து வைக்க ஏறத்தாழ 3.8 வோல்ட்டு உகந்தது. உப்பியதையோ அடிபட்டதையோ மீண்டும் ஏற்றலாகாது. மின்னேற்றும்போது உடனிருத்தல் வேண்டும். உறங்கச் செல்லுதல் கூடாது.

பறக்குமுன்

குச்சியை வலப்புறம் தள்ளினால் வல இறக்கையின் எய்லரான் மேலெழ வேண்டும். முந்தைய இரவு பழுது பார்த்தவர் கம்பியை மாற்றிப் பொருத்தி, மறுநாள் புறப்பட்ட நொடியிலேயே ஊர்தியை இழப்பது அடிக்கடி நிகழ்வதாகும். ஊர்தி தம்மை நோக்கி வரும்போது இட வலம் மாறித் தோன்றும். அப்போது தாழ்ந்த இறக்கையின் பக்கமாகக் குச்சியைத் தள்ள வேண்டும் என்பது புதியோருக்குச் சொல்லப்படும் வழி. களைப்பு, மது, சினம் ஆகியவற்றுடன் பறக்கவிடலாகாது.

மலைப்பகுதிகளில்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் உள்ள சோளக்காடு போன்ற ஊர்களின் நிலை சமவெளியினின்று வேறுபட்டது. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு குறைவு. ஆகவே இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் சுமார் 6 விழுக்காடு கூடும். தரையில் ஓடும் தொலைவும் நீளும்.

சரிவின் முகப்பில் மோதும் காற்று மேலெழும்; விளிம்பின் பின்புறம் அது சுழன்று கீழிறங்கும். தரையிறங்க வரும் ஊர்தியை இச்சுழல் சட்டெனக் கவிழ்த்துவிடும். மூடுபனி சில நிமிடங்களில் சூழ்வதால், விளிம்பு மறையத் தொடங்கியவுடனே இறக்கிவிட வேண்டும். இருண்ட காட்டின் பின்னணியில் ஊர்தியின் சாய்வைக் கண்டறிவது கடினம். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும் எளிதில் புலப்படா.

உயரமும் ஏமாற்றும். விளிம்பைக் கடந்த ஊர்தி, நிற்பவரின் கண்மட்டத்தில் இருந்தாலும், கீழுள்ள தரையிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே இருக்கக்கூடும். பள்ளத்தில் விழுந்ததைத் தேடித் தனியே இறங்குவது ஊர்தியின் விலைக்கு ஈடாகாத துணிச்சல்; காப்புக்காட்டில் நுழைய வனத்துறை அனுமதியும் தேவை. ஆனால் கோடைக்காலத்தில் சிதைந்த மின்கலம் காய்ந்த புல்லைப் பற்றவைக்கக்கூடுமாதலால், விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு உடனே உள்ளூராருக்கும் வனத்துறைக்கும் தெரிவித்தல் இன்றியமையாதது.

சட்டம்

இந்தியாவில் 2021 ஆகத்து 25 அன்று அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகள், 25 கிலோகிராமுக்கு மேற்படாத, கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு போன்றவற்றுக்காகக் கண்பார்வை எல்லைக்குள் இயக்கப்படும் ஊர்திகளை மாதிரி வகையாக வரையறுத்து, அவற்றுக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்களித்தன. பச்சை மண்டலத்தின் உயர எல்லை 120 மீட்டர் ஆகும். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பரப்பில் அது 60 மீட்டராகக் குறையும். மண்டலங்கள் மாற்றப்படக்கூடியன என்பதால், பறக்குமுன் அரசின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.